முன்பக்கம் எல்லாம் பூஜ்ஜியம்

ஜனவரி 22, வியாழன்

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. பிசியோ அருள்செல்வி அக்கா என் கையில் திணித்துவிட்டுப் போனது. தினமும் சாயங்காலம் முன்பக்கத்தில் ஐந்து எண் எழுதி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டுமாம். தலைவலி, குமட்டல், வெளிச்சம் பட்டால் கூச்சம், மறதி, எரிச்சல். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்ஜியம், தாங்கவே முடியாதென்றால் ஆறு. இன்றைக்கு ஐந்தும் பூஜ்ஜியம் என்று எழுதி அனுப்பியாயிற்று. நோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை யாரும் போட்டோ கேட்க மாட்டார்கள்.

நான் முப்பிடாதி. பி.காம். மூன்றாம் வருடம், கல்லூரிக் கபடி அணியின் கேப்டன், இடது கார்னர். கார்னர் என்றால் ரைடு வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்க்கிற வேலை. எனக்கென்றே செய்த வேலை. என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும், ஒன்பதாம் வகுப்பிலேயே ஒருத்தியின் பல்லை உடைத்தவள்.

நேற்று அரையிறுதியில் எதிரணி ரைடர் பாய்ந்து திரும்பும்போது அவள் முழங்கால் என் இடது காதுக்கு மேலே இறங்கியதாம். சொன்னது பெனிட்டா. நான் பத்து எண்ணுகிற நேரம் கபடிக்கு விரிக்கிற ரப்பர் மேட்டில் அசையாமல் கிடந்தேனாம். முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் நாலு அறை அறைந்து, இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்களாம். மூன்று என்றேனாம். அப்படியும் எழுந்து நின்று இன்னும் இரண்டு பேரைப் பிடித்தேனாம். அந்த இரண்டு பிடியும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அருமையான பிடி என்கிறார்கள், ஜெயித்துவிட்டோம், அது போதும்.

அக்கா இன்று காலை விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "மூளை மண்டைக்குள்ள குலுங்கியிருக்கு முப்பிடாதி. வெளிய காயம் இல்லன்னு நெனைக்காத. இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிரே போயிரும், இல்லன்னா நீ வேற ஆளா ஆயிருவ" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியபோது வலித்தது.

பிப்ரவரி 12 இறுதி ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். எனக்கு இதுதான் கடைசி வருடம். அன்றைக்கு நான் மேட்டில் நிற்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 23, வெள்ளி

தலைவலி இல்லை. லேசாகத்தான் இருக்கிறது. முன்பக்கம் பூஜ்ஜியம்.

ஜனவரி 25, ஞாயிறு

துணி துவைக்கிற நாள். நாலு சுடிதார், ஜெர்சி, போர்வை எல்லாம் துவைத்து மொட்டை மாடியில் போட்டேன். மதியம் அதே போர்வையைத் திரும்ப வாளியில் ஊற வைத்திருக்கிறேன். பெனிட்டா சிரிக்கிறாள். சுத்தமாக இருந்தால் நல்லதுதானே.

மெஸ்ஸில் முதல் வருடத்துப் பிள்ளை தங்கபுஷ்பம் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்து என்று ஒரு தடவை சொன்னேன். நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த வாளியை எடுத்து வீசிவிட்டேன். ரசவாளி. அவள் தோளில் பட்டுச் சட்டையெல்லாம் ரசம். சூடில்லை, பரவாயில்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனது. சீனியர் சொன்னால் கேட்க வேண்டும்.

சாப்பிட்டது அத்தனையும் வாந்தி. மெஸ் சாம்பார் அப்படி. வேறு யாரும் வாந்தி எடுக்கவில்லை, அவர்கள் வயிறு கல்.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று அக்காவின் தேர்வு. இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மானம் போய்விட்டது.

தேர்வு இதுதான். அக்கா ஐந்து வார்த்தை சொல்வார். உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அதெல்லாம் முடிந்ததும் பழைய ஐந்து வார்த்தையை மறுபடி சொல்ல வேண்டும். சீசன் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு தடவை வைத்து மதிப்பெண் எழுதி வைத்திருப்பார். அடிபட்டால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எங்கள் ஹாஸ்டலில் கபடிக்கு வருகிற பிள்ளைக்கு சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், சீசன் தொடக்கத் தேர்வில் மக்கு மாதிரி நட என்பதுதான். மாதங்களில் இரண்டை விடு, ஒற்றைக் காலில் நிற்கையில் தள்ளாடு. அப்போதுதான் பின்னால் மண்டை கலங்கினாலும் மதிப்பெண் இறங்கினதாகத் தெரியாது. நானே எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, அக்காவிடம் இருப்பது ஒரே தாள். மூன்று வருடமாக அதே ஐந்து வார்த்தை. கதவு, முருங்கை, ரயில், சீப்பு, மேகம். ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் மனப்பாடம்.

அந்த ஐந்தில் எனக்கு இன்று இரண்டுதான் வந்தது. கதவு, ரயில். மற்றதெல்லாம் வழித்துப் போட்ட மாதிரி போய்விட்டது. செப்டம்பருக்கு முந்தின மாதம் எது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அக்கா பேனாவை மூடிவிட்டு, ஒரு வாரத்துக்கு மைதானப் பக்கமே வராதே, போனும் பார்க்காதே, படி ஏறும்போது பிடித்துக்கொள் என்றார். குரலில் கோபம் கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அறைக்கு வந்து இரும்புக் கட்டிலை உதைத்தேன். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்தது. ரத்தம் வந்த பிறகும் உதைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனவரி 28, புதன்

பெனிட்டா சொல்லிக் கொடுக்கிறாள்.

பெனிட்டா யாரென்று எழுதவில்லை. என் அறைத்தோழி, தூத்துக்குடிப் பக்கம், அப்பா உப்பளத்தில் வேலை. மேட்டில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். நாங்கள் கை கோத்துத்தான் நிற்போம். ரைடரின் கண்ணைப் பார்த்துக் கணிப்பது அவள் வேலை. அவள் என் சுண்டுவிரலை அமுக்கினால் அந்த நொடியே நான் கையை விட்டு விழுந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்ததும் அவள் தோளால் இடித்துச் சாய்ப்பாள். மூன்று வருடத்தில் அவள் அமுக்கி நான் போகாத நாள் கிடையாது.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, நான் சொல்ல, மறுபடி அவள் கேட்க. சிறுபிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நாற்பது தடவையாவது இருக்கும். முருங்கை மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, நெசமாவே ஒனக்கு வரலியா? நீ வெளையாடுதேன்னு நெனச்சேன்."

அக்காவிடம் சொல்லிவிடவா என்று கேட்டாள். சொன்னால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். அவள் திரும்பி என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள், கதவு.

ஜனவரி 30, வெள்ளி

அக்காவைக் கெஞ்சித் தேர்வை முன்கூட்டியே வைக்கச் சொன்னேன். ஐந்து வார்த்தையும் சொன்னேன். மாதங்களைப் பதினொரு நொடியில் தலைகீழாகச் சொல்லி முடித்தேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டேன், வலியில் தலை சுற்றுவது தெரியவில்லை. வாயெல்லாம் ரத்தம், விழுங்கிவிட்டேன். அக்கா தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சரி, படிப்படியாகத்தான் விடுவேன் என்றார். ஒரு நாள் நடை, ஒரு நாள் மெதுவோட்டம், பிறகு ஆள் மேல் படாத பயிற்சி, பிறகுதான் பிடி. எந்தப் படியில் தலை வலித்தாலும் முந்தின படிக்கு இறங்கிவிட வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று அக்கா தேர்வு வைத்தார். ஐந்து வார்த்தையும் சொன்னேன். மாதங்களைப் பதினொரு நொடியில்

மேலே எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். எப்போது எழுதினேன்?

பிப்ரவரி 2, திங்கள்

நடை, ஓட்டம் இரண்டையும் ஒரே நாளில் முடித்தேன். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மண்ணைத் தள்ளி மூடினேன். முன்பக்கம் பூஜ்ஜியம்.

பிப்ரவரி 4, புதன்

காலையில் பெனிட்டா ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

வெயில் நேராகக் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. மூடு என்றேன். விடிஞ்சாச்சுட்டி, எந்திரி என்று திரும்பிச் சிரித்தாள். எழுந்தேன். அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை ஜன்னல் கம்பியில் மோதினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. இரண்டுதான். உதடு கிழிந்து நைட்டி முழுவதும் சொட்டியது. ஒரு பல் ஆடுகிறது. அவள் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. ஜன்னலைத்தான் முதலில் மூடினாள், அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வார்டனிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜன்னலைத் திறந்திருக்கக் கூடாது. நான் மூடச் சொன்னேன், அவள் மூடவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் மெஸ்ஸிலிருந்து எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வந்தாள். உதட்டில் மூன்று தையல். அவளால் காரம் சாப்பிட முடியவில்லை, தயிர்சோறு மட்டும் உருட்டி உருட்டி விழுங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நான் பிடிக்கு இறங்கலாம், இறுதி ஆட்டமும் ஆடலாம் என்று அக்கா சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, உன் எண்களை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு வேறு கருவி கிடையாது என்றார். எங்கள் கோச் பி.டி. மேடம் சீட்டைப் படிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்தார். ஒண்ணுமில்லல்லா ஒனக்கு என்று கேட்டார். ஒன்றுமில்லை மேடம் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பிடிப் பயிற்சி. மூன்று தடவை பெனிட்டா அமுக்கியது எனக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. விரலுக்கும் தலைக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டு வருகிறது. நாலாவது தடவை ஆத்திரத்தில் முன்னாடியே விழுந்து தங்கபுஷ்பத்தின் காலைப் பிடித்து முறுக்கினேன். விடு என்று மேடம் விசில் ஊதியது கேட்டது. அந்த விசில் மண்டைக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது, அது நிற்கட்டும் என்று இன்னும் முறுக்கினேன். நாலு பேர் சேர்ந்து என் கையைப் பிரித்தார்கள். பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கி, சீசன் அவ்வளவுதான்.

பெனிட்டா என்னைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள். "நான் அமுக்குனது தெரிஞ்சிச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றாள். தெரிந்தது, வேண்டுமென்றுதான் தாமதித்தேன் என்றேன். நம்பவில்லை. நீ வராவிட்டாலும் நான் சமாளித்துக்கொள்கிறேன், ஆனால் அடிபடாமல் ஆடு என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

பத்து மணி நேரம் தூங்கினேன். ஷூ லேஸ் கட்டுவது எப்படி என்று ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. பிறகு கை தானாகக் கட்டிவிட்டது. முன்பக்கம் பூஜ்ஜியம்.

பிப்ரவரி 12, வியாழன்

ஜெயித்தோம்.

பிப்ரவரி 13, வெள்ளி

பெனிட்டா ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். மண்டைக்குள் ரத்தம் கட்டி, நேற்றே எலும்பைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை.

எனக்குக் கடைசிப் பத்து நிமிஷம் ஞாபகமில்லை. அணி முழுக்க ஒரே மாதிரி சொல்கிறார்கள், எதிரணியின் ஏழாம் நம்பர் ரைடரின் முழங்கால் பட்டுவிட்டது என்று. மேடமும் அதையே சொன்னார். சொல்லும்போது என் தோளைத் தட்டினார், என்னைப் பார்க்கவில்லை. அருள்செல்வி அக்கா ஆறு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

தங்கபுஷ்பம் கட்டுப்போட்ட காலோடு வெளியே உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் போனில் எடுத்திருக்கிறாள். அழிக்கச் சொன்னார்களாம், அழிக்கவில்லை. என் அறைக்கு நொண்டிக்கொண்டே வந்து கட்டிலில் போனை வைத்தாள். பாருங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். நான் அடிப்பேன் என்று பயம். அப்படியும் வந்தாள்.

பார்த்தேன். எழுதுகிறேன்.

மூன்று நிமிஷம் பாக்கி. ஏழாம் நம்பர் எங்கள் பக்கம் வருகிறாள். நானும் பெனிட்டாவும் கை கோத்து நிற்கிறோம். பெனிட்டாவின் மணிக்கட்டு அசைகிறது, அமுக்குகிறாள். நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மறுபடி அமுக்குகிறாள். நான் நிற்கிறேன். அவள் என் கையை உதறிவிட்டுத் தானே விழுந்து கணுக்காலைப் பிடிக்கிறாள். பிடித்துவிட்டாள். ஏழாம் நம்பர் அதோடு மல்லாக்க விழுகிறாள், அவள் முழங்கால் யார் மேலும் படவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் பாய்கிறேன். முழு வேகத்தில். தலையைக் கொடுத்து. என் முன்மண்டை பெனிட்டாவின் நெற்றிப்பொட்டில் போய் இறங்குகிறது. சத்தம் போனில் கேட்கிறது. தேங்காய் உடைகிற சத்தம். அவள் உடம்பு ஒரு தடவை துள்ளி அடங்குகிறது. கை மட்டும் அந்தக் கணுக்காலை விடவில்லை. ஏழாம் நம்பர் அலறுகிறாள்.

நடுவர் புள்ளி எங்களுக்கு என்று கையைக் காட்டுகிறார். நான் எழுந்து நிற்கிறேன். தொடையைத் தட்டுகிறேன். பெனிட்டா என் காலடியில் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறாள், நான் கூட்டத்தைப் பார்த்துத் தொடையைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். யாரோ வந்து என் கையைப் பிடிக்கும்வரை தட்டுகிறேன்.

அதை ஐந்து தடவை பார்த்தேன். அது நானில்லை என்று சொல்ல ஒரு இடம் கிடைக்குமா என்று தேடினேன்.

பிப்ரவரி 14, சனி

எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரி கோணலாகப் போகிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

காலையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வழியெல்லாம் ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வந்தேன். ஐ.சி.யூ. வாசலில் பெனிட்டாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். உப்பளத்துக்காரர், பாதமெல்லாம் வெடிப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போன வருடம் ஈஸ்டருக்கு அவர் வீட்டில் நாலு நாள் தங்கியிருக்கிறேன். எனக்கு மீன் முள் எடுத்துப் போட்டவர்.

"நீ அவ பக்கத்துலயே நின்னியாமே பிள்ள. கையப் புடிச்சிக்கிட்டு நின்னியாமே. அது போதும் எனக்கு."

அவர் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. போலீசில் கொடுக்கப் போகிற புகாராம். ஏழாம் நம்பர் பிள்ளை வேண்டுமென்றே முழங்காலால் இடித்தாள் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் தெரியவில்லை, கோடு போட்டு விட்டிருந்தது. நீ கேப்டன், உனக்குத் தெரிந்திருக்கும், பெயரைச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். நல்ல பிள்ளை. தங்கபுஷ்பத்தின் வீடியோவில் கடைசியில் மேட்டில் உட்கார்ந்து அழுதவள்.

"அவ இல்லப்பா. நான்தான் இடிச்சேன். எந்தலதான் அவ தலையில பட்டுச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவள் விரலை அமுக்கியதும், நான் வராததும், பிறகு வந்ததும் எல்லாம் சொன்னேன். பேனா கீழே விழுந்தது. அவர் கை மேலே போனதைப் பார்த்தேன். உப்பு வாருகிற கை, என் முகத்தை விடப் பெரிது. நான் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன், ஒரு தடவை கூடக் குனிந்ததில்லை. இன்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தலையில மட்டும் அடிச்சிராதீங்கப்பா. வேற எங்கனயும் அடிங்க. எனக்குத் தலையில அடிபட்டிருக்கு. சொல்லாம மறச்சிட்டேன்."

முதல் தடவையாக அதை வாயால் சொல்கிறேன்.

கை இறங்கியது. என் மேல் இல்லை, பக்கத்துச் சுவரில். மூட்டு கிழிந்து சுண்ணாம்பில் சிவப்பாக ஒட்டியது. இன்னொரு தடவை சுவரைக் குத்தினார். அப்புறம் எப்பத்திலருந்து என்றார். ஜனவரி இருபத்தொன்று என்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"பெனிட்டாவுக்குத் தெரியுமா? ஒனக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சும் அவ ஒங்கையப் புடிச்சிக்கிட்டு நின்னாளா?"

துவைக்கிற கல்லும், அவள் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்ததும், மூன்று தையல் போட்ட உதடும் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. அவள் கண் திறந்தால் இவர் அவளைத்தானே கேட்பார்.

"தெரியாதுப்பா. அவகிட்டயும் நான் சொல்லல" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கினார். வலிக்கப் பிடித்தார். படி இறங்கி, வராந்தா தாண்டி, அவசரப்பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த நர்சிடம் என்னை முன்னால் தள்ளினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"இந்தப் பிள்ளைக்கும் தலையில அடி. இருவது நாளுக்கு மேல ஆவுது. நல்லா பாருங்கம்மா. பாத்து முடிச்சதும் எம் மக படுத்திருக்க பக்கம் மட்டும் இவள விட்ராதீங்க."

நர்ஸ் சரி என்றாள். நான் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.